கல்லறைக்கு வெட்டிய ரங்கூன் மல்லி

3 நவம்பர் 2023

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள மக்கா ரெஜிலா (மடத்துல உனக்கு மரிய அமலின்னு பேரு, தெரியும், கை இப்பிடித்தான் எழுதுது), அத்த பெர்னதத்து எழுதுதேன். மாதா புண்ணியத்துல நான் சுகம். உன் அப்பனுக்குச் சுகம் கொஞ்சம் கூடிப்போச்சு. அதச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி. உள்ள போனா வெளிய வர முடியாத உங்க அடைபட்ட மடத்துல ஃபோன் கெடையாதுங்கது நல்லதாப் போச்சு. நான் கத்துத கத்துக்கு ஃபோனு வெடிச்சிருக்கும்.

நேத்து ஆத்துமாக்கள் திருநாளு. காலைப் பூசையில உபதேசியார் ரசலையன் செத்தவங்க பேரா வாசிக்காரு. வீட்டுக்கு வீடு குடுத்தனுப்பின பேரு. 'ரீத்தா'ன்னு உங்கம்ம பேரு வந்துச்சு. சிலுவ போட்டுக்கிட்டேன். அடுத்தாப்புல என்ன வந்துச்சு தெரியுமா? 'சிலுவை மகள் ரெஜிலா.'

உன் பேரு மக்கா, உன் பேரு! மடத்துல இருந்து சேதி வந்து எங்கிட்ட மறைச்சுட்டாங்களோன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கேன், உன் அப்பன் ஆம்பிளைங்க பக்கத்துல கல்லு மாதிரி நிக்கான். அப்பத்தான் வெளங்கிச்சு. எந்திரிச்சு நின்னு, "உபதேசியாரே, நிறுத்தும்! எங்க அண்ணன் மவ உயிரோட இருக்கா!"ன்னேன். பிள்ளைங்க சிரிக்கி. சாமியார் பீடத்துல நின்னு முழிக்காரு. உபதேசியார் கண்ணாடியக் கழத்தித் தொடைக்காரு. உன் அப்பன் சொல்லுதான்: "அவ பேர மாத்தி வேற பேரு வச்சாச்சு. ரெஜிலான்னு ஆளு இல்ல. வாசியும் ஓய்."

இதோட விட்டானா? கல்லறத் தோட்டத்துல உங்கம்ம குழிக்குப் பக்கத்துல சும்மா கெடந்த மணலக் குமிச்சு, குச்சியில சிலுவ கட்டி நட்டு, மெழுகுதிரி கொளுத்தி வச்சிருக்கான். மேல நெறைய பூ. குனிஞ்சு பாக்கேன், நம்ம ரங்கூன் மல்லி! நர்சரிக்காரன் ஹனிசக்கிள்னு சொல்லித் தந்தான்னு நீ கொண்டு வந்து, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள மதில்ல நட்டுட்டுப் போனியே, அதே கொடி. முந்தின நாள் சாயந்தரம் பூ விரியுத நேரத்துல அவன் வெட்டுகத்தியோட மதில்கிட்ட நின்னத நான் பாத்தேன். கொப்பு கழிக்கான்னு நெனச்சேன். மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டான். இப்ப முட்டி ஒசரத்துக்கு வெறும் அடிக்கட்டக் குத்திதான் நிக்கி. உன் பூவ வெட்டி உனக்கே கல்லறை!

சாயந்தரம் வெள்ளையா இருந்தது காலையில ரோஸா மாறிப்போச்சா, வந்த பொம்பளைங்க "கலர் கலராப் பூ போட்டுருக்கான் பாரு, பாசமான அப்பன்"ங்காளுவ. எனக்கு வந்த கோவத்துல கையில இருந்த செபமாலை அறுந்து போச்சு.

நீ பயப்படாத. ஞாயித்துக்கெழமப் பூசைக்கு உன் பேரக் குடுத்திருக்கேன், உயிரோட இருக்கவங்க கணக்குல.

மாதா உன்னய காக்கட்டும்.
அத்த பெர்னதத்து


18 நவம்பர் 2023

ஆண்டவருடைய அமைதி உங்களோடு இருப்பதாக.

அன்பு அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அறுந்த செபமாலையை அனுப்பி வையுங்கள், இங்கே நானே கோத்துத் தருகிறேன்.

கொடியை நினைத்து வருந்த வேண்டாம். ரங்கூன் மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். பூத்து ஓய்ந்த பழைய கொப்பை எப்படியும் கழித்துவிடத்தான் வேண்டும். வேர் இருந்தால் போதும். தினமும் தண்ணீர் விடாதீர்கள், மண் காய்ந்த பிறகு விடுங்கள். சாணம் போட்டால் இலை மட்டும் மதமதவென்று வரும், பூ வராது. அடுப்புச் சாம்பல் ஒரு பிடி போதும். வெட்டிய முனை சாய்வாக இருக்கிறதா? நேராக இருந்தால் மழைத் தண்ணீர் தங்கி அழுகிவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் வெயில் படுகிறதா? அந்தப் பக்கம் தரை காய்ந்து கிடக்கிறதா, யாராவது தண்ணீர் தெளிக்கிறார்களா?

திருவருகைக் காலம் தொடங்கப் போகிறது. கிறிஸ்மஸ் வரை எங்களுக்குக் கடிதம் இல்லை.

உங்கள் செபத்தை நாடும், இன்னும் உயிரோடிருக்கும்,
மரிய அமலி


28 டிசம்பர் 2023

பாலன் யேசுவுக்குத் தோத்திரம்.

மக்கா, சுகமா? கிறிஸ்மசுக்கு உங்களுக்காவது நல்ல சோறு போட்டாங்களா? முழங்கால் அப்பிடியேதான் இருக்கு. அது கெடக்கட்டும்.

உன் கடிதாசியப் படிச்சு எனக்கு இன்னும் கோவந்தான் வந்துச்சு. கொடிக்கு வெயிலு, கொடிக்குச் சாம்பலு, வெட்டின முனை சாய்வா நேரா! அப்பன் உன்னய செத்தவ கணக்குல சேத்துட்டான்னு எழுதினா, அதப் பத்தி ஒத்த வரி இல்ல. இப்பிடி அமைதியா இருக்கணும்னா நானும் மடத்துலயே சேந்திருப்பேன்.

சாய்ச்சுத்தான் வெட்டியிருக்கான். அதுல குத்தம் சொல்ல முடியல.

மண்ணு காஞ்சாத்தான் தண்ணி விடுதேன். ஆனா உன்னய மாதிரி வாளிய மதில்ல டங்கு டங்குன்னு தட்டிக் கடேசிச் சொட்டு வரைக்கும் கவுக்க எனக்கு வரல. நீ தட்டுவ, உன் அப்பன் உள்ள இருந்து "ஏட்டி, வாளி ஒடையும்டி"ன்னு கத்துவான், நீ வேணும்னே இன்னும் ரெண்டு தட்டு தட்டுவ.

முந்திரிக்கொத்து கொண்டு குடுத்தேன். தின்னான். கிண்ணத்தக் கழுவி மதில் மேல வச்சான். பேசல. நானும் பேசல. அவனா வந்து மன்னிப்பு கேக்கட்டும்.

உன் கடேசி வார்த்தப்பாடு என்னைக்கு? எழுது.

அத்த


16 ஜனவரி 2024

ஆண்டவருடைய அமைதி.

அன்பு அத்தைக்கு,

நலம். இங்கே திண்டுக்கல் பக்கம் நல்ல குளிர். வாழ்நாள் முழுவதற்கும் உறுதி தரும் நித்திய வார்த்தைப்பாடு செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள். அதன் பிறகு இந்த மடந்தான் எனக்கு வீடு. அன்று வீட்டார் முன்வரிசையில் இருப்பார்கள். பெற்றவர் தன் கையால் ஒரு மெழுகுதிரி ஏற்றி, கம்பிக் கிராதி வழியாகத் தருவார். அதை வாங்கிக்கொண்டுதான் நான் பீடத்துக்குப் போவேன்.

அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன். இதற்கு முன்பு எழுதியவற்றுக்கும் பதில் வந்ததில்லை. நீங்கள் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

மாசி மாத வெயிலில் குத்தியில் தளிர் வெடிக்க வேண்டும். மதிலின் அந்தப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரிய அமலி


12 பிப்ரவரி 2024

சேசுவுக்குத் தோத்திரம்.

மக்கா, நாளக்கழிச்சு சாம்பல் புதன். இது வந்து சேரும்போ உங்களுக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் மதர் உங்கிட்ட தரமாட்டாங்க. தெரிஞ்சுதான் எழுதுதேன். எழுதாம இருந்தா எனக்குத்தான் சீக்கு வரும்.

உன் கொடி பொழச்சுட்டு. எங்க தெரியுமா? என் பக்கத்துக் குத்தி மொட்டையாத்தான் நிக்கி. மதிலுக்கு அடியில வேர் ஓடி உன் அப்பன் வீட்டு முற்றத்துல கன்னு வெடிச்சிருக்கு! தண்ணி விட்டவ நான், சாம்பல் போட்டவ நான், அந்தோணியாருக்கு நவநாள் செஞ்சவ நான். அது வெட்டினவன் வீட்டுல போயி மொளைக்கி. இது என்ன நியாயம்?

மதில் வழியா எட்டிப் பாத்தா, கன்னு மேல நண்டுக்கூடையக் கவுத்து வச்சிருக்கான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அண்ணே, மூடிப் போட்டுக் கொல்லப் பாக்கியா?"

"ஆடு கடிக்கி. கூடை கண்ணு கண்ணாத்தான இருக்கு, வெயில் எறங்கும். நீ போயி செபமாலை சொல்லு."

"செபமாலைய அறுத்தவனே நீதான். உயிரோட இருக்க பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தினவனுக்குக் கன்னு மேல என்ன கரிசனம்?"

வலை பின்னிக்கிட்டு இருந்தான். ஊசியக் கீழ வச்சான்.

"ஏட்டி பெர்னதத்து, நான் செத்தா அவ வருவாளா?"

நான் மதில்ல கெடந்த சருகத் தட்டிவிட்டேன். அவனே சொன்னான்.

"வரமாட்டா. விடமாட்டாங்க. சரி, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க அடக்குவாங்க? அந்த மதிலுக்கு உள்ள. என்னய உள்ள விடுவாங்களா?"

"மாட்டாங்க அண்ணே."

"அப்ப நான் எங்க போயிக் கொளுத்த? ரீத்தாவுக்கு ஒரு குழி இருக்கு, போறேன், நிக்கேன், வாறேன். எம் மவளுக்குன்னு போயி நிக்க எனக்கு எந்த எடம் இருக்கு, சொல்லு."

ஊசிய எடுத்துக்கிட்டான். நான் மதில்ல இருந்து கைய எடுத்துட்டு உள்ள வந்துட்டேன். அன்னைக்கு மீன் கருகிப்போச்சு.

இப்ப என் கோவம் உம்மேல மக்கா. உன் மதர் மேல. உங்க மதில் மேல. லாசர் செத்தப்போ ஆண்டவரே நடந்து கல்லறைக்குப் போகலியா? நின்னு அழலியா? பெத்தவன் செத்தா மவ ஒரு பிடி மண்ணு போட வரப்பிடாதுன்னு எந்தச் சுவிசேசத்துல எழுதியிருக்கு? இத மதர் படிக்கட்டும். படிக்கணும்னுதான் எழுத்தப் பெருசு பெருசாப் போடுதேன்.

ஒரு சந்தி நோன்பு பிடிச்சுக்கிட்டு கோவப்படப்பிடாது. அதான் நாளக்கழிச்சுக்கு முன்னாலயே எல்லாத்தையும் பட்டுக்கிடுதேன்.

அத்த பெர்னதத்து


22 ஏப்ரல் 2024

உயிர்த்த ஆண்டவருடைய அமைதி.

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மதர் ஈஸ்டருக்கு மறுநாள் என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உன் அத்தையின் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது" என்று மட்டும் சொன்னார்.

அப்பா உங்களிடம் கேட்டதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை. நான் கிளம்பிய நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில், "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று கேட்டார். எடுத்தேன் என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

வார்த்தைப்பாட்டை நான் தள்ளிப்போடப் போவதில்லை. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆனால் மதரிடம் ஒன்று கேட்டேன். எங்கள் கல்லறைத் தோட்டம் மேற்கு மதிலை ஒட்டி இருக்கிறது. மதிலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சாலை. அந்த மதிலடியில் ஒரு கொடி நடலாமா என்று கேட்டேன். மூன்று வாரம் யோசித்துவிட்டு இன்று சரி என்றார்.

அப்பா பக்கத்துக் கன்றுதான் வேண்டும். மழை தொடங்கியதும் தாய்வேரிலிருந்து அதை வெட்டி மட்டும் விடட்டும், உடனே தோண்ட வேண்டாம். தன் வேரில் அது பிழைத்துக்கொண்ட பிறகு, தாய்மண் உதிராமல் எடுக்க வேண்டும். நடுப்பகலில் எடுக்கக் கூடாது.

கொடி எந்தப் பக்கம் பூக்க வேண்டும் என்று எங்கள் சட்டப் புத்தகத்தில் எதுவும் இல்லை. வெயில் இருக்கும் பக்கம் அது போகும். வெயில் சாலைப் பக்கந்தான்.

மரிய அமலி


24 ஜூலை 2024

சேசுவுக்குத் தோத்திரம்.

மக்கா, சுகந்தானா? எனக்கு மழைக்கு முழங்கால் வீங்கிக் கெடக்கு. உன் மதருக்கு என் வணக்கத்தச் சொல்லு. கோவம் பாதிதான் போச்சு, அதையும் சொல்லு.

நீ எழுதினத மதில்ல நின்னு வாசிச்சுக் காட்டினேன். அவன் கேக்காத மாதிரி வலையப் பின்னினான். ஆனா ஜூன்ல எடவப்பாதி மழை தொடங்கின அன்னைக்கு வேர வெட்டி விட்டுட்டான். போன வாரம் கன்ன எடுத்தான். நான் கை வைக்கப் போனா, "தள்ளு, மண்ணு ஒடையும்"ங்கான். பெயிண்ட் டின்னுல அடியில ஓட்ட போட்டு எறக்கி, பழைய வலைத்துண்டால சுத்திக் கட்டி என் முற்றத்துல கொண்டு வச்சான்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மதில் எவ்வளவு ஒசரமாம்?"

"நீயே வந்து கண்ணால பாரு. செப்டம்பர் எட்டு. மெழுகுதிரி நீதான் குடுக்கணும்"னேன்.

"நான் வரல. எல்லாரும் கை தட்டுவாங்க. என்னால தட்ட முடியாது."

"தட்டாட்டா போ, கையக் கட்டிக்கிட்டு ஒக்காரு!"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டான். என்ன மனுசன் இவன்! நீ ஒருத்தி, 'அப்பா வரணும்'னு ஒரு தடவ வாய் விட்டு எழுதினா என்ன? கன்னப் பத்திப் பக்கம் பக்கமா எழுதத் தெரியுதுல்லா?

டின்ன நான் கொண்டு வாறேன்.

அத்த


14 செப்டம்பர் 2024

ஆண்டவருடைய அமைதி.

அன்பு அத்தைக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்காலுக்கு எண்ணெய் போட்டீர்களா? டின்னுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரை மன்னித்துவிடுங்கள்.

முன்வரிசையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் நீங்கள் அந்த டின்னை வைத்திருந்தீர்கள். போட்டோ எடுப்பவர் அதை எடுத்துவிடச் சொன்னதும், நீங்கள் அவரைப் பார்த்த பார்வையும் கிராதிக்கு உள்ளே எனக்குத் தெரிந்தது. மெழுகுதிரியை நீங்கள் தந்தபோது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் மெழுகு என் விரலில் சிந்தியிருந்தது.

அன்று மாலையே கன்றை நட்டேன். அப்பா கேட்டதற்குப் பதில்: மதில் ஆள் உயரத்துக்கு மேல். கையை உயர்த்தினால் அவருக்கு எட்டும். எனக்கு எட்டாது.

மரிய அமலி


4 நவம்பர் 2024

சேசுவுக்குத் தோத்திரம்.

மக்கா, சுகமா? நான் சுகம்.

ஆத்துமாக்கள் பூசைக்கு இந்தத் தடவ உபதேசியாருக்கு நேரா மொத பெஞ்சில ஒக்காந்தேன். என்னயப் பாத்ததும் அவருக்கு வேர்த்துப்போச்சு. 'ரீத்தா' வாசிச்சாரு. நான் பாதி எந்திரிச்சேன். அடுத்த வீட்டுப் பேருக்குப் போயிட்டாரு. உன் அப்பன் உன் பேரக் குடுக்கல.

ஆனா மணலக் குமிச்சு மெழுகுதிரி கொளுத்தினான். பூ இல்ல. இதுக்கு நான் சந்தோசப்படணுமா சண்ட போடணுமான்னு தெரியாமலே வீட்டுக்கு வந்துட்டேன். எனக்கே எம்மேல கோவம்.

என் பக்கத்துக் குத்தியும் இப்பத்தான் துளிர்க்கி. வெக்கங்கெட்டது.

அத்த


20 அக்டோபர் 2025

ஆண்டவருடைய அமைதி.

அன்பு அத்தைக்கு,

நலம். உங்கள் பெரிய எழுத்தைப் பார்த்து வெகு நாளாயிற்று. மதர்கூடக் கேட்டார்.

கொடி மதிலைத் தாண்டிவிட்டது. பூ முழுக்க வெளிப்பக்கந்தான். உள்ளே எங்களுக்கு இலையும், மாலையில் வாசனையும். மழை பெய்த நாளில் அடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன், மற்ற நாட்களில் மாலைதோறும் இரண்டு வாளி.

ஒரு செய்தி. போன செவ்வாய் மாலை எங்கள் வெளிவாசலைக் கவனிக்கும் சிஸ்டர் சாலையில் ஒரு பெரியவரைப் பார்த்தாராம். கையில் வலைத்துணி சுற்றிய வெட்டுகத்தி. மதிலுக்கு வெளியே தொங்கிய காய்ந்த கொப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தாராம். "யாருங்க?" என்று கேட்டதற்கு, "ரோட்டுல போறவங்க கண்ணுல குத்தும்" என்று மட்டும் சொன்னாராம். வெட்டியதையெல்லாம் ஓரமாக அள்ளிப் போட்டுவிட்டு, வாசல் மணியை அடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாராம். சிஸ்டர் எனக்கு மறுநாள்தான் சொன்னார்.

போய்ப் பார்க்கச் சொன்னேன். எல்லா முனையும் சாய்வாக வெட்டியிருக்கிறதாம்.

அப்பாவுக்குக் கால் வலி ஏதும் இருக்கிறதா, அத்தை? இரவில் தூங்குகிறாரா? இந்த முறை எனக்குக் கொடியைப் பற்றி எழுத வேண்டாம்.

ரெஜிலா


3 நவம்பர் 2025

சேசுவுக்குத் தோத்திரம்.

மக்கா, என் தங்கமே, சுகமா? நான் சுகமில்ல, ரத்தக் கொதிப்பு ஏறிக் கெடக்கு. ஏத்தினது உன் அப்பன்.

அந்தச் செவ்வாய்க்கெழம வெள்ளன என் வாசல்ல வந்து நின்னு, "கோட்டாத்துக்கு நைலான் கயிறு வாங்கப் போறேன், கோழிக்குத் தீனி போடு"ன்னான். மறுநாள் மத்தியானம் வாறான். கையில கயிறும் இல்ல ஒண்ணும் இல்ல. "எங்க அண்ணே போன?" "கட அடச்சிருந்துச்சு." நானும் பாவம்னு கஞ்சி வச்சுக் குடுத்தேன்!

உன் கடிதாசி வந்ததும் மதில்ல போயி நின்னேன்.

"அண்ணே, கோட்டாறு இப்ப திண்டுக்கல் பக்கமா போயிட்டு?"

அவன் வலையில இருந்து தலையத் தூக்கல. "பஸ்ஸு மாறி ஏறிட்டேன்."

"நீ மாறி ஏறினது சரி. வெட்டுகத்தியும் மாறி ஏறிச்சா?"

ஊசிய இழுத்து முடிச்சுப் போட்டான்.

"அம்புட்டுத் தூரம் போயி மணி அடிக்காம வந்திருக்கியே, நீ மனுசனா? மணி அடிச்சிருந்தா கிராதிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னிருப்பா. கண்ணால பாத்திருக்கலாம். ஒரு வார்த்த பேசியிருக்கலாம். நான் மெழுகுதிரி குடுத்த எடத்துல நீ..." கையில இருந்த உன் கடிதாசிய மதில் மேல ஓங்கி வச்சேன்.

அப்பத்தான் சொன்னான். மெள்ள, வலையப் பாத்துக்கிட்டே.

"கொப்பு கழிச்சுக்கிட்டு நிக்கேன். மதிலுக்கு உள்ள தண்ணி ஊத்துத சத்தம் கேக்கு. அப்புறம் டங்கு, டங்குன்னு வாளிய மதில்ல தட்டுதா. எனக்கு நேரா, அந்தப் பக்கம். ஏட்டி வாளி ஒடையும்டின்னு வாய் வரைக்கும் வந்துட்டு."

"சொல்ல வேண்டியதுதான!"

"சொன்னா அவ தட்டுதத நிறுத்திட்டாள்னா?"

திட்டத்தான் போனேன் மக்கா. உள்ள போயி மறுபடியும் கஞ்சி வச்சு அவனுக்குக் குடுத்தேன்.

நேத்து ஆத்துமாக்கள் திருநாளு. உங்கம்ம பேரு மட்டும் வாசிச்சாங்க. கல்லறையில ஒரு மெழுகுதிரிதான் கொளுத்தினான். பக்கத்து மணலக் காலால நெரவிவிட்டான். மணலாக் கெடக்கு, அவ்வளவுதான்.

கால் வலி இருக்கு. தூங்குதான். குறட்டை மதில் தாண்டி எனக்குக் கேக்கு. திருவருகைக் காலத்துக்கு முன்னால இன்னொருக்க கயிறு வாங்கப் போகணுமாம். எந்தக் கிழமன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

அதனால நீ எல்லா நாளும் தட்டு. அப்பனுக்குக் காது முன்னமாதிரி இல்ல, கொஞ்சம் பலமாவே தட்டு. மடத்து வாளிதான, ஒடைஞ்சா ஒடையட்டும். மதர் கேட்டா பெர்னதத்து புதுசு வாங்கித் தருவான்னு சொல்லு.

அத்த பெர்னதத்து